படிக்கட்டின் நிறத்துக்குத் தரையைக் கொண்டுவந்தவர்

ஹாலுக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டோம். சுவர் நின்ற இடத்தில் பலகை கிடையாது என்பது இடித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. பழைய தரை ரெட் ஓக். அதே மரத்தில் புதுப் பலகை வாங்கி, பழைய பலகைகளோடு பல்லுப்பல்லாகக் கோத்துப் போட்டாயிற்று. இனி 30 சதுர மீட்டர் தரையையும் தேய்த்து, மரத்துக்கு நிறம் ஏற்றுகிற ஸ்டெயினைப் போட்டு, மேலே பூச்சு அடிக்க வேண்டும். படிக்கட்டை மட்டும் தொடப்போவதில்லை. அதுவும் ரெட் ஓக்தான். பல வருடங்களுக்கு முன் போட்ட பழுப்பு, நாள் ஆக ஆக ஒரு ஆழம் ஏறி, கைபட்டுக் கைபட்டு மின்னுகிற நிறம். அந்த நிறத்துக்குத் தரை வந்து நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன், ஆனால் அதற்கு இரண்டு இடங்களில் வேலை கொடுக்க வேண்டியிருந்தது. முதலாவது ஒரு பெயின்ட் கடையின் இயந்திரக் கலவை. இரண்டாவது, வீட்டுக்கே வந்து கையால் கலந்து தருகிற ஒரு பெரியவர். இது இரண்டையும் பற்றிய மதிப்புரை. பெரும்பகுதி அவரைப் பற்றியது.

கடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டின் அடியில் கழன்று கிடந்த ஒரு துண்டை எடுத்துப் போனேன். நிறம் படிக்கும் கருவியை அதன்மேல் வைத்தார்கள், திரையில் எண்கள் வந்தன, இயந்திரம் டப்பாவுக்குள் நிறமியைச் சொட்டியது. ஒரு சின்ன மாதிரிப் பலகையில் தடவிக் காட்டினார்கள். அச்சு அசலாக இருந்தது. மகிழ்ச்சியாக வாங்கி வந்து, தேய்த்த தரையில் ஒரு ஓரத்தில் தடவினேன். செங்கல் நிறத்தில் வந்தது. இன்னொரு மூலையில் தடவினேன், அங்கேயும் அதே சிவப்பு. கடைக்குத் திரும்பிப் போனால், “எங்கள் பலகையில் சரியாகத்தானே வந்தது” என்றார்கள். அது உண்மை. அவர்களுடைய பலகையில் சரியாகத்தான் வந்தது.

அந்தப் பதில் ஏன் போதாது என்பது பெரியவர் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர் முதலில் டப்பாவைத் திறக்கவே இல்லை. கடையில் தடவிக் கொடுத்த மாதிரிப் பலகையைக் கையில் வாங்கி, திருப்பி, ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார்.

“இது பைன் அம்மா. உங்க தரை ஓக். இதைப் பட்டு மாதிரி தேய்ச்சிருக்காங்க. தரையை யாரும் அந்த அளவுக்குத் தேய்க்க மாட்டாங்க.”

இரண்டும் முக்கியமான விஷயங்கள். ஸ்டெயின் என்பது பெயின்ட் அல்ல. பெயின்ட் மரத்தை மூடிவிடும், கீழே என்ன இருந்தாலும் கவலையில்லை. ஸ்டெயின் மரத்துக்குள் இறங்குகிறது, மரத்தின் சொந்த நிறமும் அதன் வழியாகத் தெரிகிறது. ரெட் ஓக்கில் இயல்பாகவே ஒரு இளஞ்சிவப்பு ஓடும். வெளிர்மஞ்சள் பைனில் பழுப்பாகத் தெரிகிற அதே கலவை, அந்த இளஞ்சிவப்பின் மேல் விழும்போது சிவந்துவிடும். தேய்ப்பும் அப்படித்தான். உப்புத்தாள் எவ்வளவு நைஸோ அவ்வளவுக்கு மரம் மூடிக்கொள்ளும், நிறம் குறைவாகப் பிடிக்கும். என் தரையை 40 எண் தாளில் தொடங்கி 60, 80, 100 வரை தேய்த்திருந்தார்கள் (எண் கூடக் கூடத் தாள் நைஸாகும்). மாதிரிப் பலகையோ கண்ணாடி போல இருந்தது. இதற்கும் மேலே, கருவி படித்தது மரத்தின் நிறத்தை மட்டுமல்ல, அதன்மேல் வருடக்கணக்கில் மஞ்சளேறிய எண்ணெய் வார்னிஷையும் சேர்த்துத்தான். அந்த மஞ்சளையும் டப்பாவுக்குள் கலந்துவிட்டார்கள். தரையில் ஸ்டெயினுக்கு மேல் எண்ணெய்ப் பூச்சு அடிக்கும்போது இன்னொரு தடவை மஞ்சள் ஏறும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கருவியைக் குறை சொல்லவில்லை. சுவர் பெயின்டுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் ஓக் போன்ற மரத்தில் ரேகை ஒரு நிறம், ரேகைக்கு நடுவே ஒரு நிறம். கருவி இரண்டையும் சேர்த்துச் சராசரியாக ஒரே நிறத்தைத்தான் சொல்லும். அந்தச் சராசரி நிறம் மரத்தில் எந்த இடத்திலும் இல்லை.

இப்போது பெரியவரின் வேலைக்கு வருகிறேன். அவர் கொண்டுவந்தது ஒரே கம்பெனியின் மூன்று எண்ணெய் ஸ்டெயின் டப்பாக்கள்: ஒரு நடுப் பழுப்பு, ஒரு அடர் பழுப்பு, நிறமே இல்லாத பேஸ் ஒன்று. கூடவே எண்ணெயில் அரைத்த நிறமி சில குப்பிகளில். இரண்டு கம்பெனிச் சரக்கை அவர் கலப்பதில்லை. எண்ணெய் ஸ்டெயினோடு தண்ணீர் ஸ்டெயின் சேரவே சேராது என்பது பலருக்கும் தெரியும். எண்ணெயும் எண்ணெயுமே ஆனாலும் கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே இருக்கிற பிசினும் கரைப்பானும் வேறு. ஒன்று காய்ந்து மற்றது காயாமல் நின்றால் மேல்பூச்சு உரிந்து வரும்.

டப்பாவைத் திறந்ததும் அவர் செய்ததை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். தட்டையான குச்சியை உள்ளே விட்டு அடியைச் சுரண்டினார். மேலே தெளிந்த எண்ணெய்போல இருந்தது, குச்சி மேலே வந்தபோது நுனியில் சேறு மாதிரி கெட்டியாக ஒட்டியிருந்தது. நிறமி என்பது மண். உண்மையிலேயே மண்தான். சியன்னா, அம்பர், மஞ்சள் காவி எல்லாம் இரும்பு ஆக்சைடு கலந்த மண்வகைகள். அம்பரில் மாங்கனீசும் உண்டு, அதனால்தான் அது கருக்கிறது. மஞ்சளான மண்ணைச் சுட்டால் அதிலுள்ள நீர் வெளியேறிச் சிவப்பாகிவிடும், அதைத்தான் பர்ன்ட் சியன்னா என்கிறோம். மண் என்றால் அடியில் தங்கத்தானே செய்யும். அவர் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் கலக்கினார். குலுக்கவில்லை, குலுக்கினால் காற்றுக்குமிழி ஏறுமாம். கலக்கிக்கொண்டே, “அடியைக் கலக்காம மேலாப்புல எடுத்து மாதிரி போட்டா, அது வேற நிறம் அம்மா. கடைசி சதுர அடிக்கு வரும்போது தரை கருத்துடும்” என்றார்.

அப்புறம் சிரிஞ்சு. ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சால் ஒவ்வொன்றையும் உறிஞ்சி, சின்னக் கிண்ணத்தில் விட்டு, ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதினார். கண்ணளவு, கையளவு என்று எதுவும் இல்லை. “சொட்டுக் கணக்கு வேண்டாமா?” என்று கேட்டேன். சொட்டுக்குச் சொட்டு அளவு மாறும், மில்லி மாறாது என்றார். மாதிரியில் அரை மில்லி தவறினால் வாளியில் அது பல மடங்காகிவிடும். இந்த ஒரு பழக்கத்துக்காகவே இவரை மற்றவர்களுக்குச் சொல்வேன்.

மாதிரிகளைப் படிக்கட்டின் அடியில் தரையிலேயே போட்டார். தனிப் பலகையில் இல்லை. தரை எந்த இயந்திரத்தால், எந்தத் தாளால் தேய்க்கப்பட்டதோ அதே இடம். டேப் ஒட்டி ஆறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் ஈரத்துணியால் துடைத்தார். ஈரம் பட்டதும் மர நார்கள் எழுந்து நிற்கும், காய்ந்த பிறகு உள்ளங்கையால் தடவினால் ஒருநாள் தாடி போலச் சொரசொரவென்று இருக்கும். அந்த எழுந்த நார் நிறத்தைக் கூடுதலாகவும் சமமாகவும் குடிக்கும். தரை முழுவதும் அப்படிச் செய்யப்போவதால் மாதிரியிலும் அப்படியே செய்தாக வேண்டும். பிறகு ஸ்டெயினைத் தடவி, பத்து நிமிடம் விட்டு, துணியால் ஒட்ட வழித்தார். மேலே தங்கும் நிறமி மரத்தைப் பிடிக்காது, காயவும் காயாது. “ரெண்டு கோட்டு அடிச்சா அடர்த்தியாகும்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்றார். அடர்த்தி வேண்டுமென்றால் கலவையை மாற்ற வேண்டும், தடிமனை அல்ல.

முதல் நான்கு கட்டங்களில் சிவப்பு போகவே இல்லை. அடர் பழுப்பைக் கூட்டினால் சிவப்பு கருத்ததே தவிர மறையவில்லை. ஐந்தாவதில்தான் ரா அம்பர் சேர்த்தார். சுடாத அம்பரில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு பச்சை ஓட்டம் இருக்கிறது. பச்சை சிவப்பை அடக்கும். வண்ணச் சக்கரத்தில் எதிரெதிரே நிற்கிற இரண்டும் ஒன்றையொன்று மந்தமாக்கும் என்று பள்ளியில் படித்ததுதான், ஆனால் 100 மில்லிக்கு ஒன்றரை மில்லி சேர்த்ததும் செங்கல் நிறம் சட்டென்று அடங்கி, காய்ந்த சருகின் பழுப்பாக மாறியதை நேரில் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆறாவது கட்டத்தில் ஒரு பங்கு நிறமில்லாத பேஸைச் சேர்த்து, நிறத்தை மாற்றாமல் கனத்தை மட்டும் குறைத்தார். இதைத் தின்னர் ஊற்றியும் செய்யலாம். ஆனால் தின்னர் கூடினால் நிறமியைப் பிடித்து வைக்கிற பிசின் இளைத்துவிடும், துடைக்கும்போது துணியோடு வந்துவிடும்.

காய்ந்த மாதிரியைப் பார்த்து முடிவு செய்யவும் அவர் விடவில்லை. காய்ந்த ஸ்டெயின் செத்துப்போனதுபோல வெளுத்துக் கிடக்கும். அதன்மேல் மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பானில் நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால், பூச்சு அடித்த பிறகு எப்படி இருக்கும் என்பது சில விநாடிகளுக்குத் தெரியும். அது தோராயமான சோதனை. உண்மையான சோதனைக்கு அடுத்த நாள் அந்தக் கட்டங்களின் பாதியில் பாலியூரிதேன் மேல்பூச்சின் எண்ணெய் வகையும், மறு பாதியில் தண்ணீர் வகையும் அடித்துக் காட்டினார். தண்ணீர் வகை நிறத்தை அப்படியே விட்டது. எண்ணெய் வகை ஒரு மஞ்சள் வெதுவெதுப்பைக் கொடுத்தது. படிக்கட்டில் இருப்பது எண்ணெய் வார்னிஷ் என்பதால் அதையே எடுத்தோம்.

இன்னொன்றையும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறம் பார்ப்பது என்றால் என்ன என்பதை எனக்கு அதுதான் சொல்லிக் கொடுத்தது. ஆறாவது கட்டம் எனக்கு இன்னும் கொஞ்சம் சிவப்பாகவே பட்டது. அவர் வாதாடவில்லை. இரண்டு வெள்ளைத் தாள்களில் ஒரே அளவில் ஓட்டை வெட்டி, ஒன்றை மாதிரியின்மேலும் மற்றொன்றைப் படிக்கட்டின்மேலும் வைத்தார். “இப்ப பாருங்க.” இரண்டு ஓட்டையிலும் ஒரே நிறம். தாளை எடுத்ததும் தரை மறுபடி சிவந்தது. காரணம் எங்கள் ஹால் சுவரின் வெளிர்பச்சை. பச்சைக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் கண் அதில் சிவப்பைக் கூட்டிப் பார்க்கும். பிரான்சில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரோல் என்ற வேதியியலாளர் இதைத்தான் கண்டுபிடித்தார். கறுப்பு நூல் சோபையில்லாமல் இருக்கிறது என்று புகார் வந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் ஓடுகிற நூலின் நிறத்தில் இருக்கிறது என்று காட்டி 1839-இல் அதை நூலாகவே எழுதினார். பெரியவர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் ஓட்டை போட்ட தாள் அவர் பையில் எப்போதும் இருக்கிறது.

அதே மாதிரியைக் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, இரவு விளக்குப் போட்டு ஒருமுறை பார்க்கச் சொன்னார். ஐந்தாவது கட்டம் பகலில் படிக்கட்டோடு ஒட்டிப்போனது, இரவில் எல்இடி வெளிச்சத்தில் தனியாகப் பிரிந்து நின்றது. வேறு வேறு நிறமிகளால் ஆன இரண்டு நிறங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகவும் தெரியும். ஆறாவது மூன்று வேளையும் நின்றது. அதை எடுத்தோம்.

எங்கள் கலவை இது: நடுப் பழுப்பு 5 பங்கு, அடர் பழுப்பு 2 பங்கு, நிறமில்லாத பேஸ் 1 பங்கு, 100 மில்லிக்கு ரா அம்பர் ஒன்றரை மில்லி. இதை யாரும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். இது என் மரத்துக்கு, என் தேய்ப்புக்கு, என் பூச்சுக்கு வந்த கணக்கு.

ஒரு லிட்டர் சுமார் 12 சதுர மீட்டர் போகும் என்பது பொதுக்கணக்கு. ஈரப்படுத்திய மரம் கூடுதலாகக் குடிக்கும் என்று 3.2 லிட்டர் கலந்தார், அதுவும் ஒரே வாளியில், ஒரே தடவையில். பாதி வழியில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் எவ்வளவு கவனமாக அளந்தாலும் அந்தச் சேர்க்கை தரையில் கோடாகத் தெரியும். வேலை நடக்கும்போது பெரியவர் தடவ, பின்னாலேயே அவர் மகன் வழிக்க, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாளியை அடிவரை கலக்கினார்கள். ஈரத்தின் விளிம்பு காயும் முன்பே அடுத்த வரிசை வந்து சேர்ந்தது. நடுவில் போன் வந்தபோதும் அவர் எடுக்கவில்லை.

வழித்த துணிகளை அவர் கையாண்டதையும் சொல்லியாக வேண்டும். எண்ணெய் ஸ்டெயின் காய்வது ஆவியாகி மட்டுமல்ல, எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து கெட்டியாவதால். அப்போது வெப்பம் வரும். துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால் வெப்பம் வெளியே போக வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும், நெருப்புப் பொறி எதுவும் தேவையில்லை. 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவில் ஒரு 38 மாடிக் கட்டடம் எரிந்து, 3 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 22-ஆவது மாடியில் மர வேலை செய்தவர்கள் விட்டுப்போன, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளில்தான் அது தொடங்கியது. பெரியவர் ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக விரித்து வெளியே உலர்த்தினார், மீதியை மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அமுக்கி எடுத்துப் போனார். வீட்டில் குழந்தைகள் இருக்கிறவர்கள் வேலைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன்.

குறைகளும் உண்டு. மறுநாளே மேல்பூச்சு அடித்துவிடலாம் என்று சொன்னார். காற்றில் ஈரம் அதிகமாக இருந்த நாட்கள் அவை. மறுநாள் விரலை வைத்தால் பிசுபிசுத்தது. மூன்றாம் நாள்தான் அடிக்க முடிந்தது. பொறுத்தது சரியான முடிவுதான், காயாத ஸ்டெயின் மேல் பூச்சு நிற்காது. ஆனால் முதலிலேயே அப்படிச் சொல்லியிருந்தால் நாங்கள் சொந்தக்காரர் வீட்டில் தங்கும் ஏற்பாட்டை ஒழுங்காகச் செய்திருப்போம். சிறு குழந்தையோடு கடைசி நேரத்தில் அலைய வேண்டியதாயிற்று. வாசனை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதையும் அவராகச் சொல்லவில்லை.

இன்னொரு குறை ஓரங்களில். சுவரோரத்தைச் சின்ன இயந்திரத்தால் தேய்க்கிறார்கள், நடுப்பகுதியைப் பெரியதால். இரண்டின் கீறலும் ஒரே அளவில் இல்லையென்றால் ஓரம் நிறத்தைக் கூடுதலாகக் குடித்து, தரைக்குச் சட்டம் போட்டதுபோல ஒரு கரை தெரியும். மேற்குச் சுவரோரம் ஒரு முழ நீளத்துக்கு அப்படி வந்துவிட்டது. காட்டியதும், “ஐயா, இது எனக்கு உறுத்துது” என்று சொல்லி முடிப்பதற்குள் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். கையாலேயே தேய்த்து, அதே வாளியிலிருந்து எடுத்துத் திரும்பப் போட்டார். இப்போது எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது. ஆனால் ஸ்டெயின் போடுவதற்கு முன்பே ஒரு விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்திருந்தால் அந்தக் கரை கண்ணில் பட்டிருக்கும்.

பெயின்ட் கடைக்கு ஐந்துக்கு இரண்டு. கருவிக்காக அல்ல, திரும்பிப் போனபோது சொன்ன பதிலுக்காக. பெரியவருக்கு ஐந்துக்கு நாலரை. அந்த அரை, சொன்ன நாளுக்கும் ஆன நாளுக்கும் இடையே நாங்கள் பட்ட பாட்டுக்கு.

போகும்போது மிஞ்சிய 300 மில்லி கலவையை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, கழுத்துவரை நிரப்பி மூடினார். உள்ளே காற்று இருந்தால் மேலே ஆடை கட்டுமாம். குப்பியின்மேல் பங்குகள், தேதி, கடைசித் தேய்ப்பு 100, எண்ணெய்ப் பூச்சு என்று எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி ஒட்டியிருக்கிறார். ஏழு மாதமாகிறது. ஜன்னலோரத் தரை வெயிலில் கொஞ்சம் மஞ்சளேறியிருக்கிறது, ஓக் அப்படித்தான் மாறும் என்று முன்பே சொல்லியிருந்தார். விரிப்பை மாதம் ஒருமுறை இடம் மாற்றிப் போடச் சொன்னார், இல்லையென்றால் அதன் அடியில் மட்டும் வெளிறிய சதுரம் நிற்கும். மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். படிக்கட்டின் கடைசிப் படியும் தரையும் சேருகிற இடத்தில் குழந்தை உட்கார்ந்து விளையாடுகிறாள். ஒரு கால் பழைய மரத்தில், ஒரு கால் புது மரத்தில். எது எது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் இதுவரை கேட்கவில்லை.